ஒட்டுக்குக் கீழே முளைத்தது

வைரவனுக்கு இடுப்பு விட்டுப்போய் நாலு நாளாகியிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஆகவே புல்வெட்டும் மெஷினைப் பிடித்தபடி, பாதி வளைந்து, யாருக்கோ கும்பிடு போடுகிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். மேனேஜர் அனந்தகிருஷ்ணன் அந்த வழியாக வந்தவர், அந்தக் கும்பிடு தனக்குத்தான் என்று நினைத்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். அந்த ஆளின் மூளைக்கு அவ்வளவுதான் எட்டும்.

பெரிய பெரிய வில்லாக்களுக்குத் தோட்டம் போட்டுப் பராமரிக்கிற கம்பெனி அது. ஆட்களுக்கு முசஃபாவில் கேம்ப். விடிவதற்குள் லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து அபுதாபியில் வீடு வீடாக இறக்கிவிட்டுப் போவார்கள். வைரவன் வேலை பார்த்த வில்லா கம்பெனியின் கஃபீலுக்கே, விசா கொடுத்த அரபி முதலாளிக்கே, சொந்தம். அவருடைய மனைவியை எல்லோரும் மதாம் என்பார்கள். எண்பத்து மூன்றில் மதாம் ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு தோட்டத்தில் கருஞ்சிவப்பு ரோஜாவைப் பார்த்துவிட்டு வந்து, அது தன் வீட்டிலும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஹாலந்திலிருந்து மரப்பெட்டியில் நூற்றிருபது செடி விமானம் ஏறி வந்தது. அதே மாதம் வைரவனும், கூட வேலைக்கு எடுத்த ராக்கப்பனும் வந்து இறங்கினார்கள். செடிக்கு விமான நிலையத்தில் நிழல் கொடுத்து வைத்திருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள்.

முதல் வருசம் பூத்தது கருஞ்சிவப்பு. கையகலம் பூ, அடுக்கடுக்காய் இதழ். இரண்டாம் வருசம் சிவப்புக்கு நடுவே அங்கங்கே ஒரு வெள்ளை எட்டிப் பார்த்தது. எண்பத்தாறு பிப்ரவரியில் பாத்தி முழுக்க வெள்ளை. காசு அகலத்தில் ஐந்தே இதழ், கொத்துக் கொத்தாய், வேலியோரத்துக் காட்டுப்பூ மாதிரி. தேடித் தேடிப் பார்த்தால் பத்துப் பதினைந்து சிவப்பு.

அதற்குப் பிறகு வில்லாவில் வாயில்லாதவன் எவனும் இல்லை. வேலைகளை மேற்பார்வை பார்க்கிற மஹ்மூது கெய்ரோவில் விவசாயம் படித்தவன். குடை பிடித்துக்கொண்டுதான் பாத்திக்குள் இறங்குவான். தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது, அதனால்தான் நிறம் மாறிவிட்டது என்றான். சமையல்காரன் ஆட்டெருவைக் குறை சொன்னான். கேம்ப் லாரி ஓட்டுகிற கீழக்கரை கௌஸ் முகைதீன், "நாம போட்டுட்டு வந்த கலர் சட்டையெல்லாம் இந்த வெயில்ல வெளுக்கலையா? அதுமாரித்தான் பூவும்" என்றார்.

வைரவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு புல்லை வெட்டினான். வெயிலில் சிவப்பு கொஞ்சம் வெளிறும் என்பது மெய்தான். டிசம்பரில் பூப்பதும் ஏப்ரலில் பூப்பதும் ஒரே சாயத்தில் இருக்காது. அதற்காக நாற்பது இதழ் ஐந்தாகிவிடுமா? சட்டை வெளுக்கும், சட்டைக்குக் கை காணாமல் போகுமா? படித்தவனும் படிக்காதவனும் ஒரே மாதிரி உளறுவதைப் பார்க்க அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. ஏனென்றால் காரணம் அவனுக்குத் தெரியும்.

பெரியகுளம் பக்கம் ஒரு ஒட்டு மாங்கன்றுப் பண்ணையில் மூன்று வருசம் தொட்டி தூக்கியவன் வைரவன். கம்மாய் வறண்டு, கரிமூட்டம் போடக் கருவேலமும் கிடைக்காமல் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன காலம் அது. அங்கே ஒட்டுக் கட்டுகிற கிழவர் கெட்ட வார்த்தையோடுதான் பாடம் சொல்வார். "கீழே கெளம்புறான் பாரு, அவன் வேருக்குச் சொந்தக்காரன். கேட்டா வேரு குடுத்துரும். மேல இருக்குறவன் வாடகைக்கு வந்தவன். கீழ உள்ளவனை அப்பப்பப் பிச்சு எறியலைன்னா மேல உள்ளவன் செத்துருவான்."

ஹாலந்துக்காரன் ரோஜாவும் ஒட்டுதான். அடிக்கட்டையில் முடிச்சு மாதிரிப் புடைத்திருந்ததை வைரவன் பெட்டி திறந்த அன்றே பார்த்துவிட்டான். முடிச்சுக்கு மேலே இருந்தது மதாமின் கருஞ்சிவப்பு. கீழே இருந்தது ஏதோ ஒரு காட்டு ரோஜா, வேர் கொடுக்க மட்டும் வைத்தது.

பாத்தி ராக்கப்பனுடைய பொறுப்பு. கமுதிக்காரர், வைரவனைவிடப் பத்து வயது மூத்தவர். எண்பத்து நாலு ஜூலையில், அடுப்புக்குள் வைத்த மாதிரி வெயில் அடித்தபோது, சிவப்புக் கிளைகள் எல்லாம் விறகுக் குச்சியாய்க் கருகின. ஆனால் அடியிலிருந்து மண்ணைப் பிளந்துகொண்டு இளம்பச்சையாய் நெடுநெடுவென்று கிளைகள் வந்தன. ராக்கப்பன் அதைப் பார்த்துக் குழந்தை பிறந்தவர் மாதிரி குதித்தார். மழையே காணாத சீமையில், ஒரு புல் தழைத்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நடக்கிற சனத்தில் பிறந்தவர். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அந்தக் கிளைகளுக்கு ஊற்றினார்.

வைரவன் சொன்னான். சொல்லாமல் இல்லை.

"அண்ணே, அதைப் பிச்சு எறிங்க. எலைய எண்ணிப் பாருங்க. மேல உள்ளதுல காம்புக்கு அஞ்செல, இதுல ஏழெல. இது நம்ம செடி இல்லண்ணே, அடிக்கட்டை."

"தழைச்சு வர்றதப் பிச்சவன் வீட்ல வெளக்கு எரியுமாடா? இந்த வெயில்ல ஒரு உசுரு மேல வருது, அதப் போயி..."

"உசுருதான். தப்பான உசுரு."

"போடா. புல்லு வெட்டுற பயலுக்கு என்னா பேச்சு."

வைரவன் மஹ்மூதிடமும் போனான். அரைகுறை இந்தியில், கையைக் காட்டி, கட்டையைக் காட்டிச் சொன்னான். மஹ்மூதுக்குத் தெரிந்த விவசாயம் ஒன்றுதான். பச்சையாக இருந்தால் "கொய்யிஸ்", நல்லது; காய்ந்திருந்தால் அரை நாள் சம்பளம் கட். அடியிலிருந்து வந்தது பச்சை, மேலே இருந்தது காய்ந்தது. அவன் குடைக்குள்ளிருந்தபடியே, "நீ புல்லு ஆள். புல்லைப் பார். பேச்சு மாஃபி" என்று சொல்லிவிட்டுப் போனான். மாஃபி என்றால் இல்லை. மறுநாள் ராக்கப்பன் காய்ந்த சிவப்புக் கிளைகளை எல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பச்சைக்கு முட்டுக் கொடுத்துக் கட்டினார். மஹ்மூது அவர் தோளில் தட்டிக்கொடுத்தான்.

கெட்டு ஒழியட்டும் என்று வைரவன் வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு செடியாக மேல்பாதி செத்துக் கீழ்பாதி கொழுப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு ருசிகூட வந்துவிட்டது.

அந்த ருசிக்குத்தான் இப்போது விலை வந்தது.

அவனுடைய இரண்டு வருசக் காண்ட்ராக்ட் முடிந்து நாலு மாதமாகிவிட்டது. அறுபது நாள் லீவு, வருகிற வியாழக்கிழமை பம்பாய் விமானம், டிக்கெட்டே வந்துவிட்டது. மேனேஜர் கையெழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஊரில் மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலில் தங்கச்சி நாகவள்ளியின் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். வைரவன் ஒருத்தன்தான் கூடப்பிறந்தவன். இரண்டு மாசி இவனுக்காகவே தள்ளிப் போயிற்று. பிள்ளைக்கு நாலு வயது முடியப் போகிறது. நாகவள்ளியின் புருசன் போன கடிதத்தில் எழுதியிருந்தான்: "மச்சானுக்கு அரபு நாட்டை அலங்கரிக்கவே நேரம் சரியாக இருக்கும் போலத் தெரிகிறது. பரவாயில்லை. பிள்ளைக்குக் கல்யாணமும் காதுகுத்தும் ஒரே பந்தலில் வைத்துக்கொள்கிறோம்." அதைப் படித்துக் காட்டிய கௌஸ் முகைதீன் சிரித்துச் சிரித்து லாரி ஸ்டியரிங்கைத் தட்டினார்.

திங்கட்கிழமை காலை அனந்தகிருஷ்ணன் டை கட்டிக்கொண்டு, பாத்தி ஓரத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். சனிக்கிழமை மதாம் லண்டனிலிருந்து வருகிறார் என்று முதல்நாள்தான் போன் வந்திருந்தது. மனிதர் ராத்திரி தூங்காத முகத்தோடு இருந்தார். தூங்காமல் யோசித்ததில் அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைத்திருந்தது.

"செடியை மாத்தியிருக்கீங்க" என்றார். "ஒரிஜினலைத் தோண்டி வெளியில வித்துட்டு, ஏதோ காட்டுச் செடியைக் கொண்டுவந்து நட்டிருக்கீங்க. ராக்கப்பன், யாருக்கு வித்தே?"

ராக்கப்பனுக்குக் கேள்வியே புரியவில்லை. "எதைங்கய்யா?"

"நடிக்காதே. ஹாலந்து செடி. ஒண்ணு என்ன விலை தெரியுமா? சிவப்பு ரோஜாச் செடி எங்கேயாவது வெள்ளையா பூக்குமா? யாரை ஏமாத்தறே? போலீஸ்ல குடுத்தா கை போயிடும், தெரியுமா?"

ராக்கப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "எங்க கருப்பன் மேல சத்தியமாங்கய்யா, நான் ஒரு எல எடுக்கல. பிள்ளை மாரி பாத்தேன்யா."

"நாற்பத்தெட்டு மணி நேரம் டைம். எவன் எடுத்தான்னு தெரியற வரைக்கும் இந்த வில்லாவில ஒருத்தன் லீவு ஃபைல்லயும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கௌஸ் முகைதீன் வைரவன் காதில், "போச்சு. பிள்ளைக்குக் கல்யாணத்தோடதான் காதுகுத்து" என்றார்.

வைரவனுக்கு ராக்கப்பன் மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். அழுகிற மனிதரைப் பார்த்து அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் மேனேஜரைப் பார்த்து வந்த எரிச்சல் அதைவிடப் பெரிது. ராத்திரியோடு ராத்திரியாக நூற்றிருபது முள்செடியைத் தோண்டி, இரும்புக் கேட்டும் காவல்காரனும் தாண்டி, கேம்ப் லாரியில் ஏற்றி விற்றுவிட்டு, அதே மாதிரி நூற்றிருபதைக் கொண்டுவந்து நட்டானாம் ராக்கப்பன். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளையே சரியாகப் போடத் தெரியாத மனுசன். வியாழக்கிழமை டிக்கெட் இந்த முட்டாள்தனத்தில் சிக்கிக் கிழிவதை வைரவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார்" என்றான். "யாரும் திருடல. திருடுறதுக்கும் ஒரு மூளை வேணும், சார். இவருக்கு அது கெடையாது."

வரிசை முழுக்கத் திரும்பியது.

"உனக்கு என்ன தெரியும்?"

"இங்கிட்டு வாங்க, காட்டுறேன்."

மூன்றாம் வரிசையில் ஒரு செடியில் இன்னும் மெலிந்த சிவப்புக் கிளை ஒன்று உயிரோடிருந்தது. அதில் ஒரே ஒரு பூ. பக்கத்தில் மூன்று தடித்த கிளைகளில் வெள்ளைக் கொத்து. வைரவன் குனிய முடியாமல் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தோண்டினான். ஒரு சாண் பள்ளமானதும் அடிக்கட்டை முழுசாகத் தெரிந்தது. முடிச்சும் தெரிந்தது.

"பாருங்க சார். செடி ஒண்ணு, வேரு ஒண்ணு. செவப்பு எங்கேர்ந்து வருது? முடிச்சுக்கு மேல. வெள்ளை? முடிச்சுக்குக் கீழ. வெள்ளைக்காரன் ஒட்டுப் போட்டுக் குடுத்தான். மேல உள்ளது வெயில்ல கருகிருச்சு, கீழ உள்ளது முந்திக்கிருச்சு. பூ கலரு மாறல சார். அந்தச் செடி செத்து இந்தச் செடி பூக்குது. மாமரத்துலயும் இப்படித்தான்."

ஒரு வெள்ளைக் கிளையை அடியோடு பிடித்து, வெட்டாமல், கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தான். அது வேரின் தோலோடு கிழிந்து வந்தது. நீட்டினான். அனந்தகிருஷ்ணன் அதை டையில் படாமல் இரண்டு விரலால் வாங்கினார்.

மஹ்மூது குனிந்து பார்த்துவிட்டுப் பெரிதாகத் தலையாட்டினான். "ஆமாம், ஆமாம், ஒட்டு. நான் முன்னாடியே சொன்னேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். உப்பும் தண்ணீரும் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அனந்தகிருஷ்ணன் கொஞ்ச நேரம் கிளையையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகத்தில் இருந்த பயம் போய், வேறு ஒன்று வந்தது.

"உனக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

வைரவன் கண்ணியில் காலை வைத்தான். "எம்பத்து நாலுலேர்ந்து, சார்."

"ரெண்டு வருஷமா தெரியும்."

"சொன்னேன் சார்."

"யார்கிட்ட?"

வைரவன் மஹ்மூதைக் காட்டினான். மஹ்மூது குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி, "மாஃபி" என்றான்.

"ராக்கப்பன் அண்ணன்ட்டயும் சொன்னேன் சார். கேளுங்க."

ராக்கப்பன் இன்னும் தரையில்தான் இருந்தார். கையில் மண் இருந்தது. கருப்பன் மேல் சத்தியம் பண்ணின அதே மண். மேனேஜரைப் பார்த்தார், மஹ்மூதைப் பார்த்தார், வைரவனைப் பார்க்கவில்லை. "நெனவில்லீங்கய்யா" என்றார்.

"அவனுக்குத் தெரியாது, விட்டுடு. பட்டிக்காட்டான்" என்றார் அனந்தகிருஷ்ணன். "உனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டு, கம்பெனி சொத்து அழியறதை ரெண்டு வருஷம் வேடிக்கை பார்த்திருக்கே. இது திருட்டைவிட மோசம். சரி, இப்ப இதைத் திருப்பிச் சிவப்பா ஆக்க முடியுமா?"

"மேல உசுரு இருக்குறதுல கீழ உள்ளதப் பிச்சா, ஒரு வருசத்துல வரும் சார். செத்ததுக்குப் புதுசா ஒட்டு வைக்கணும்."

"யாருக்கு அது தெரியும்?"

வரிசையில் நின்ற எல்லோரும் வைரவனைப் பார்த்தார்கள்.

"அப்ப நீ எப்படி ஊருக்குப் போவே?" என்றார் அனந்தகிருஷ்ணன். அவருக்கு அது மிக நியாயமான கேள்வியாகவே பட்டது. "ரோஜா சிவக்கட்டும். மறுநாள் நானே உன்னை ஏர்போர்ட்ல கொண்டுவந்து விடறேன்."

"சார், மாசிக் களரிக்கு பிள்ளைக்குக் காது..."

"காது எங்கே போயிடப் போறது? கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

வியாழக்கிழமை டிக்கெட் வீணாகக் கூடாது என்று கம்பெனி அதைப் பெயர் மாற்றியது. ரோஜாப் பாத்தியில் இனி வேலையில்லாத ஒருத்தனுக்குத்தானே கொடுக்க முடியும். ராக்கப்பன் கிளம்பினார்.

புறப்படுவதற்கு முதல்நாள் ரூமில் அவர் வைரவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தார்.

"டேய் வைரவா. அன்னிக்குப் பயத்துல எதுவும் வாயில வரலடா."

"எனக்குத் தெரியும்ணே. ஒங்க வாயில தழைச்சு வர்றதெல்லாம் தப்பாத்தான் வரும்."

"கம்மல் வாங்கி வச்சிருந்தியே. குடு, நாகவள்ளிட்ட சேத்துர்றேன். வேணும்னா..." ராக்கப்பன் கொஞ்சம் தயங்கினார். "ஒனக்குப் பதிலா நான் வேணா பிள்ளையை மடியில வச்சுக்கிறேன்."

கௌஸ் முகைதீன் மேல் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை ஒங்களுக்கு என்ன முறைண்ணே?"

"முறை ஒண்ணும் இல்ல. ஒரு இதுக்குச் சொன்னேன்."

"கம்மலைக் குடுத்துட்டு, நாகவள்ளி வீட்டு வாசப்படியோட திரும்பிப் போயிருங்க. மடி கிடின்னு பேசுனீங்க, எங்க மச்சான் ஒங்க காதை அறுத்துருவான்."

ராக்கப்பன் பொட்டலத்தை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டார். மறுநாள் அவர் ஏர்போர்ட் லாரியில் ஏறும்போது வைரவன் வெளியே வரவில்லை.

மதாம் வரும்போது பாத்தி மொட்டையாகத் தெரியக்கூடாது, அவர் போன பிறகு பிய்க்கலாம் என்றார் அனந்தகிருஷ்ணன். சனிக்கிழமை மதாம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை பாத்திப் பக்கம் நடந்தார். வைரவன் வேலிச்செடிக்குப் பின்னால் நின்று பார்த்தான். மதாம் ஒரு வெள்ளைக் கொத்தை ஒடித்து முகர்ந்து, கூட வந்த பெண்ணிடம் காட்டி, "ஹெல்வா" என்றார். அழகு என்று அர்த்தம். பிறகு இன்னும் இரண்டு கொத்து ஒடிக்கச் சொல்லிக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனார். சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருசத்துக்கு முன்னால் தான் என்ன கேட்டோம் என்பதே அந்த அம்மாளுக்கு நினைவில்லை. நாலாம் நாள் மறுபடி லண்டன்.

களரிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வைரவன் ஓட்டமும் நடையுமாக ஆபீஸுக்குப் போனான்.

"சார், மதாமுக்கு வெள்ளையே பிடிச்சிருக்கு சார். ஒடிச்சு எடுத்துட்டுப் போனாங்க. நான் கண்ணால பாத்தேன்."

"அதனாலே?"

"இப்படியே விட்டுரலாம்ல சார். நான் ஊருக்குப் போயிட்டு வந்துர்றேன்."

அனந்தகிருஷ்ணன் ஒரு ஃபைலைத் திறந்து திருப்பிக் காட்டினார். ஆங்கிலத்தில் என்னவோ டைப் அடித்திருந்தது. "இதுல 'சிவப்பு'ன்னு எழுதியிருக்கு. என் கையெழுத்து இருக்கு. மதாமுக்குப் பிடிச்சது பிடிக்காததெல்லாம் ஃபைல்ல இல்லை. போ, பிய்க்க ஆரம்பி."

வைரவன் பிய்த்தான். மார்ச்சிலிருந்து பிய்த்தான். கையெல்லாம் முள், நகக்கண்ணெல்லாம் மண். ஒன்றைப் பிய்த்தால் இரண்டு வந்தது, அதையும் பிய்த்தான். மிஞ்சியிருந்த சிவப்புக் கிளைகளுக்கு ஜூனில் ஈச்ச ஓலையால் நிழல் கட்டினான். காய்ந்து தெரிந்ததற்கு மஹ்மூது மூன்று முறை அரை நாள் கட் செய்தான். சிவப்பு செத்துப்போன அடிக்கட்டைகளில், உயிரோடிருந்த சிவப்பிலிருந்து முளைக்கண் எடுத்து ஒட்டுக் கட்டினான். பெரியகுளத்தில் பார்த்ததோடு சரி, கட்டியதில்லை. முதல் முப்பதும் அழுகிப் போயின. அதற்குப் பிறகு பிடித்தது.

இடையில் நாகவள்ளியிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று புருசன் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லையாம். கம்மல் பெட்டியில் இருக்கிறது, பிள்ளை வேப்பங்குச்சியைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு மாமன் வருகிற வரைக்கும் இதுதான் என்று திரிகிறாள் என்று எழுதியிருந்தாள். படித்துக் காட்டிய கௌஸ் முகைதீன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

எண்பத்தேழு ஜனவரியில் மொக்கு விட்டது. மாதக் கடைசியில் வைரவன் எண்ணினான். எழுபத்தொரு செடி கருஞ்சிவப்பு. கையகலம் பூ, அடுக்கு இதழ், ஹாலந்துக்காரன் பெட்டியில் அனுப்பிய அதே சாயம். நல்லதாக ஒன்றை ஒடித்து எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய் மேஜை மேல் வைத்தான்.

அனந்தகிருஷ்ணன் பூவை எடுத்து முகர்ந்தார். "நன்னா வந்திருக்கே!" என்றார். "எத்தனை?"

"எழுபத்தொண்ணு சார். களரிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு."

"நூத்திருபதுல எழுபத்தொண்ணு போனா?"

"நாப்பத்தொம்பது."

"அதுவும் ஆகட்டும்" என்றார் அனந்தகிருஷ்ணன். பூவைத் தண்ணீர் டம்ளரில் போட்டுக்கொண்டு, அடுத்த ஃபைலை எடுத்தார்.

கம்பெனி வைரவனுக்குத் தரவேண்டியது அறுபது நாள் லீவு. அதை இன்னும் தரவில்லை.